அத்தியாயம் 7: ஒரு ராத்திரி விருந்தினர்

திருமயம், ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, அரிமளம் பக்கம் பூர்விக வீட்டில் இரண்டு அறையைச் சீர்செய்து தங்க வருபவர்களுக்கு விடத் தொடங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பணம் வருகிறது, ஆனால் உட்கார நேரமில்லை என்பார்கள். காரணம், நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருபவர்களில் பலர் ஒரே ராத்திரிதான் தங்குகிறார்கள். திருச்சியிலிருந்து ராமேசுவரம் போகும் சாலை புதுக்கோட்டை, திருமயம் வழியாகப் போகிறது. பாதி வழியில் படுத்து எழுந்து போக ஓரிடம் தேடுவார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வருபவர்கள், முகூர்த்தத்துக்கு வருபவர்கள், செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் எல்லாருமே சாயங்காலம் வந்து காலையில் கிளம்புகிறவர்கள்.

இந்த அத்தியாயத்தில் வேலையைக் கட்டுக்குள் வைக்கும் முறையை மட்டும் பார்ப்போம். அதற்கு அடிப்படை ஒரே கணக்கு. உங்கள் களைப்பைத் தீர்மானிப்பது எத்தனை இரவு அறை நிறைந்தது என்பதைவிட, எத்தனை தடவை ஆள் மாறினார்கள் என்பதுதான்.

முதலில் கணக்குப் போடுங்கள்

கீழே இருப்பது உதாரணக் கணக்கு. உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் போட்டு இதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்குள் ஓர் அறைக்கு ஆகும் செலவு: துப்புரவுக் கூலி 300, துவைப்பு இஸ்திரி 120, சோப்பு, குடிநீர், காபித்தூள், மின்சாரம் 130. மொத்தம் 550 ரூபாய். ஓர் இரவுக்கு 2,500 வாங்கினால் கையில் நிற்பது 1,950. அதே அறையை ஒருவர் மூன்று இரவுக்கு எடுத்து, நீங்கள் வாடகையை 2,300 ஆகக் குறைத்தாலும், 6,900இல் 550 போக 6,350. நடுவே இரண்டு நாள் துண்டு, தண்ணீர் என்று 200 போனாலும் ஓர் இரவுக்கு 2,050 நிற்கிறது. வாடகை குறைந்தது, மிச்சம் கூடியது.

நேரத்தின் கணக்கு இன்னும் கடுமை. சுத்தம் செய்ய மூன்று மணி, வருபவருக்காகக் காத்திருந்து அறை காட்டி, போகும்போது சாவி வாங்க இரண்டு மணி என்று வைத்தால் ஒரு மாற்றத்துக்கு ஐந்து மணி நேரம். 12 இரவும் 12 பேர் என்றால் 60 மணி நேரம். அதே 12 இரவு நான்கு பேருக்கு என்றால் 20 மணி நேரம்; இடைப்பட்ட எட்டு நாளுக்கு அரை மணி சேர்த்தால் 24.

அதற்காக ஒற்றை இரவை அடியோடு மறுக்க வேண்டியதில்லை. இந்தச் சாலையில் அது இல்லாமல் அறை நிறையாது. எந்த ஒற்றை இரவை, எந்த நாளில், என்ன விலைக்கு ஏற்பது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். போனில் கூப்பிடுபவர் முடிவு செய்யக் கூடாது.

காலண்டரை வைக்கும் முறை

1. ஒரே ஒரு காலண்டர் போதும். ஏர்பிஎன்பி, புக்கிங்.காம், தெரிந்தவர் போன் என்று எந்த வழியில் வந்தாலும் அதில் ஏற வேண்டும். தளங்கள் ஒன்றோடொன்று காலண்டரைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் உடனுக்குடன் நடக்காது. போனில் சரி என்று சொன்ன மறு நிமிடம், வேறு வேலை பார்ப்பதற்கு முன், அந்த நாளை எல்லாத் தளத்திலும் கையால் அடைத்துவிடுங்கள்.

2. பொது விதியாகக் குறைந்தது இரண்டு இரவு என்று வையுங்கள்.

3. இரண்டு புக்கிங்குக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒற்றை இரவு, மூன்று நாள் முன்பு வரை காலியாகவே இருந்தால், அதை மட்டும் ஓர் இரவுக்குத் திறந்துவிடுங்கள். விலையில் ஒரு மாற்றத்தின் செலவையும் ஏற்றியே போடுங்கள்.

4. இரண்டு அறை இருந்தால், இரண்டிலும் ஒரே நாளில் ஆள் மாறாதபடி பாருங்கள். ஓர் அறைக்கு வெள்ளி, மற்றதற்கு சனி என்று வந்து சேரும் நாளைப் பிரித்து வைப்பது எளிய வழி.

5. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஒரு நாள் தானாக அடைபடும் வசதி ஏர்பிஎன்பியில் உண்டு. உதவிக்கு ஆள் இல்லாத மாதங்களில் அதைப் போட்டு வையுங்கள்.

6. நேரடியாகப் பேசி வருபவரிடம் பாதிப் பணத்தை யு.பி.ஐ.யில் முன்பணமாக வாங்குங்கள். முன்பணம் வராதவரை நாள் உறுதியில்லை என்பதைப் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

ஓர் இரவை இரண்டாக்குவது

வேலையைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நம் மாவட்டத்துக்கு அந்த வசதி இருக்கிறது. ராமேசுவரம் போகிற வழியில் இறங்கியவருக்கு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புக்கிங் உறுதியான அன்றே இரண்டு நாள் திட்டம் ஒன்றை வாட்ஸாப்பில் அனுப்புங்கள்.

முதல் நாள் திருச்சியிலிருந்து வரும்போதே நார்த்தாமலை, அங்கிருந்து சித்தன்னவாசல் சமணக் குகை ஓவியம், நேரமிருந்தால் இசைக் கல்வெட்டு இருக்கும் குடுமியான்மலை. இரவு உங்கள் வீட்டில். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் திருமயம் கோட்டை, மலையடியில் பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும். மத்தியானம் சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் செட்டிநாட்டு வீதிகளில் நடை. மூன்றாம் நாள் காலை ராமேசுவரம். திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தையும் சேர்க்கலாம். விடுமுறை நாளைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இதை அனுப்பும்போது கெஞ்சல் தொனி வேண்டாம். "இரண்டாம் இரவு தங்கினால் வாடகையில் 300 குறைத்துக்கொள்கிறேன், நாளை மாலைக்குள் சொன்னால் போதும்" என்று முடித்துவிடுங்கள்.

கேட்கும்போதே தீர்க்க வேண்டியவை

தொல்லை தரும் ஒற்றை இரவு பெரும்பாலும் போனிலேயே அடையாளம் காட்டிவிடும்.

"சார், நாங்க பதினோரு பேரு. ராத்திரி பத்து மணிக்கு வருவோம், காலையில நாலு மணிக்குக் கிளம்பிருவோம். படுக்க மட்டுந்தான், ரெண்டு ரூம் போதும்."

"ஐயா, ரெண்டு ரூமுக்கும் சேர்த்து ஆறு பேருதான். பதினோரு பேருக்கு பாத்ரூமும் தண்ணியும் பத்தாது, உங்களுக்கே கஷ்டமாயிரும். புதுக்கோட்டையில கல்யாண மண்டபத்துல ரூம் கிடைக்கும், கேட்டுப் பாருங்க."

இவ்வளவு போதும். மரியாதையாக, காரணத்தோடு, ஒரே பதிலில் முடிக்க வேண்டும். "பார்க்கலாம்" என்று சொன்னால் அவர்கள் வந்துவிடுவார்கள்.

சரி என்று சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை ஐந்து: எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, எத்தனை மணிக்கு வருகை, எத்தனை மணிக்குப் புறப்பாடு, டிரைவர் கூட வருகிறாரா.

டிரைவர் விஷயத்தைப் புதியவர்கள் கேட்க மறப்பார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கார் வந்து நிற்கும்போது, நாள் முழுக்க வண்டி ஓட்டியவர் காருக்குள்ளேயே படுக்கும்படி ஆகிவிடக் கூடாது. மறுநாள் அந்தக் குடும்பத்தின் உயிர் அவர் தூக்கத்தில் இருக்கிறது. முகப்பை ஒட்டிய சிறு அறையில் ஒரு கட்டில், ஃபேன், கொசுவலை, தனிக் குளியலறை வைத்துவிடுங்கள். அவருக்கும் இரவுச் சாப்பாடு உண்டு என்பதை வாடகையிலேயே கணக்கிட்டுவிடுங்கள்.

ஆள் மாறும் நாள்: 11 மணியிலிருந்து 2 மணி வரை

வரிசை மாறினால் ஒரு மணி நேரம் கூடிவிடும். தனியாளாகச் செய்தாலும் இருவராகச் செய்தாலும் இந்த வரிசை சரிவரும்.

1. அவர்கள் காரில் சாமான் ஏற்றும்போதே, அவர்களோடு அறைக்குள் ஒரு சுற்று வாருங்கள். சார்ஜர், தலையணை அடியில் வைத்த சங்கிலி, குளியலறைக் கொக்கியில் துணி, ஃபிரிட்ஜில் வைத்த இன்சுலின், கொடியில் காயும் வேட்டி. விட்டுப்போனதைக் கூரியர் அனுப்புவது அரை நாள் வேலை.

2. கதவு ஜன்னலைத் திறந்து, படுக்கைத் துணி முழுவதையும் உருவி உடனே மெஷினில் போடுங்கள். நீங்கள் மற்ற வேலையில் இருக்கும்போது அது ஓடி முடியும். உருவும்போதே மெத்தையின் தையல் ஓரத்தைப் பாருங்கள். கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அந்த அறையை அன்றே அடைத்துவிடுங்கள்.

3. கழிப்பறையில் கழுவும் திரவத்தை ஊற்றி ஊற விட்டு வெளியே வாருங்கள்.

4. ஒட்டடைக்குச்சியோடு மேலிருந்து கீழாக: உத்தரம், ஃபேன், ஜன்னல் கம்பி, பிறகு பெருக்கல்.

5. கை கழுவிவிட்டுப் படுக்கை விரிப்பு. குளியலறையைத் தேய்த்த கையோடு படுக்கைக்கு வரக்கூடாது. அதனால்தான் இது முன்னால் வருகிறது.

6. குளியலறை. வாளி, மக்கு அடிப்பாகம், தண்ணீர் போகும் ஜாலியில் முடி. வருபவர்கள் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

7. கடைசியாகத் தரை துடைப்பு, கதவை நோக்கிப் பின்னால் நடந்தபடி.

8. சோதனை. ஒவ்வொரு ஸ்விட்ச், ஃபேன் வேகம், கீசர், ஃபிளஷ், ஏ.சி. ரிமோட், உள் தாழ்ப்பாள். பழைய தேக்குக் கதவுகளின் தாழ்ப்பாள் மழைக் காலத்தில் இறுகும். ஒரு குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் ராத்திரியில் ஆசாரியைத் தேட முடியாது.

9. கட்டிலில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். மூடிக்கிடந்த வாசனை, சொட்டும் குழாய், வௌவால் எச்சம் எல்லாம் உட்கார்ந்தால்தான் தெரியும்.

10. நான்கு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். சேதம் பற்றிப் பேச்சு வந்தால் உதவும்.

இரண்டு மணிக்கு முன் யாரையும் அறைக்குள் விட வேண்டாம். சீக்கிரம் வந்துவிட்டால் முகப்பில் உட்கார வைத்து மோர் கொடுங்கள், பெட்டியை வாங்கி வையுங்கள். பாதி சுத்தமான அறையைக் காட்டினால், அதை முழுசாகச் சுத்தம் செய்த பிறகும் அவர்கள் மனதில் அந்தப் பாதிதான் நிற்கும்.

பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கவே கூடாது. கழிப்பறை கழுவும் திரவங்களில் பல அமில வகைதான். அதன் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சிறு குளியலறையில் இது மூச்சை அடைத்து ஆளைச் சாய்க்கும். அவசரத்தில் இரண்டையும் சேர்த்தால் சீக்கிரம் வெளுக்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். உதவிக்கு வருபவரிடம் வாயால் சொன்னால் போதாது, பாட்டிலைக் காட்டிச் சொல்லுங்கள். வாயு கிளம்பிவிட்டால் எதையும் கழுவ முயல வேண்டாம். கதவைத் திறந்து போட்டு உடனே வெளியே வர வேண்டும்.

கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில்தான் வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் கொல்லும். மின் கீசர் உள்ள இணைப்புக்கு 30 மில்லிஆம்பியரில் விழும் இ.எல்.சி.பி. (மின்கசிவுத் துண்டிப்பான்) இருக்கட்டும், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

கிணற்றுக்கு இரும்பு வலை மூடி, மாடிக் கதவுக்குப் பூட்டு, வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போகும் வழியில் ராத்திரி முழுக்க எரியும் சிறு விளக்கு. இந்த மூன்றும் இல்லாமல் குழந்தைகளோடு வருபவர்களை ஏற்க வேண்டாம்.

தேள், பாம்பு பழைய வீட்டுக்குப் புதிதில்லை. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு அறைக் கதவின் பின்னாலும் 108, 112, உங்கள் எண், வீட்டுக்கு வரும் வழி, பக்கத்து ஆஸ்பத்திரிப் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

தரையும் சுவரும்

ஆத்தங்குடிக் கல் சிமென்டால் கையில் வார்த்தது. ஆசிட் பட்டால் நிறம் போய்விடும், திரும்ப வராது. வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். கறை இருந்தால் மட்டும் கொஞ்சம் மிருதுவான சோப்பு. மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் உண்டு. அதை ஆள் வரும் நாளில் செய்யாதீர்கள். எண்ணெய் ஊறக் குறைந்தது ஒரு நாள் வேண்டும், இல்லாவிட்டால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஆணி அடிக்காமல், துணி மாட்ட மரத்தாங்கி ஒன்றைத் தனியாக நிறுத்துங்கள்.

துணி

ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு வேண்டும்; வளவில் கொடி கட்டினாலும் அந்த மாதங்களில் காய இரண்டு நாள் ஆகும். 7 கிலோ மெஷினில் ஓர் அறையின் துணியை மட்டும் போடுங்கள். திணித்தால் சோப்புப் போகாது, மறுபடி அலச வேண்டிவரும். தண்ணீருக்கு ஏங்கும் கோடையில் அது இரட்டை நஷ்டம்.

கோயிலுக்கு வருபவர்கள் அதிகம் என்பதால் இங்கே கறை என்றால் மஞ்சள், குங்குமம், தலை எண்ணெய். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். குங்குமத்தைத் தேய்த்தால் பரவும். முதலில் உதறி, பிறகு ஓடும் தண்ணீரில் பின்பக்கமிருந்து அலசுங்கள். தலையணைக்கு உள்ளுறை ஒன்று, மேலுறை ஒன்று என இரண்டு போட்டால் எண்ணெய் பஞ்சுவரை போகாது.

அடையாளச் சான்றும் சி படிவமும்

தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரின் படத்தோடு கூடிய அடையாளச் சான்றைப் பார்த்து, பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆதார் என்றால் முதல் எட்டு எண்கள் மறைத்த நகல் போதும்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள், சி படிவம் என்று வழங்கும் வெளிநாட்டவர் விவரப் படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் என்ற விவரங்கள் தேவை. இதற்கான கணக்கை முன்கூட்டியே தொடங்கி வைத்திருக்க வேண்டும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இது: மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தவர் சுத்தமாகத் தமிழ் பேசுகிறார், நம் ஊர்க் கோயிலுக்குப் புள்ளியும்கூட என்பதால் படிவத்தை விட்டுவிடுவது. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதுதான் கணக்கு. மறுநாள் காலையிலேயே போகிறவருக்கும் இது உண்டு. அவர்கள் சாப்பிட உட்காரும்போது நீங்கள் உட்கார்ந்து ஏற்றிவிடுங்கள்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் பதிய வேண்டுமானால் வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும்; 1 முதல் 6 அறை, 12 படுக்கை வரை விடலாம். ஆள் வைத்துப் பூட்டிய வீட்டை நடத்துகிறவர்களுக்கு இது பொருந்தாது. சாப்பாடு போடுவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் வாங்கிவிடுங்கள்.

உதவிக்கு வருபவர்

மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்து, ஆள் மாறும் நாளில் மட்டும் ஓர் அறைக்கு இவ்வளவு என்று இன்னொருவரைக் கூப்பிடுவது சரியாக வரும். நூறு நாள் வேலை, நடவு, கோயில் திருவிழா என்று ஒருவர் வர முடியாத நாள் இருக்கும். இருவருக்கும் வேலை தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன பத்து படிகளைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி மூன்றாங்கட்டில் ஒட்டுங்கள். முதல் நாள் மாலையே "அக்கா, நாளைக்கு ரெண்டாவது ரூம் மாறுது, பதினொண்ணரைக்கு வந்துருங்க" என்று போனில் சொல்லிவிட வேண்டும். ஒற்றை இரவுக்கு வாடகை கூட்டி வாங்கினால் அதில் ஒரு பங்கு அவர் கூலியிலும் ஏறட்டும். கூடுதல் வேலை அவர் முதுகில்தான் விழுகிறது.

அடைத்து வைக்க வேண்டிய நாட்கள்

வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் இவற்றை அடையுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் யாரும் வரக்கூடாது, போகவும் கூடாது. செவ்வாய் அல்லது புதன் வசதி.

வீடு பங்காளிகளுக்குப் பொது என்றால் படைப்பு, கல்யாணம், சாந்தி எல்லாவற்றுக்கும் அவர்களிடம் தேதி கேட்டு அடையுங்கள். வாடகைக்கு விடுவதற்கான சம்மதத்தையும் பங்காளிகள் எல்லாரிடமும் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். வெளியார் தங்கியிருக்கும்போது ஒரு பங்காளி சாமான் எடுக்க வந்து நின்றால், சங்கடம் இரண்டு பக்கமும்தான்.

ஜல்லிக்கட்டுகள் நடக்கும் தை, திருவப்பூர் மாரியம்மன் திருவிழா வரும் மாசி, நார்த்தாமலை, கொன்னையூர்த் திருவிழாக்கள் வரும் பங்குனி என மூன்று மாதமும் ஒற்றை இரவுக்குப் போன் ஓயாது. உங்கள் ஊர்த் திருவிழா அன்று உதவிக்கு யாரும் வரமாட்டார்கள். நீங்களும் கோயிலில் இருக்க வேண்டியவர். காப்புக்கட்டு முதல் தேர்வரை அடையுங்கள், அல்லது முன்பே வந்து திருவிழா முடியும்வரை தங்குகிற ஒரே குடும்பத்துக்கு விடுங்கள்.

ஓடு பிரித்து மாற்றும் வேலைக்கு ஆவணியில் பத்து நாள் ஒதுக்குங்கள். ஓட்டு வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டதால், சித்திரையிலேயே சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பத்து நாளைக் காலண்டரில் அடைக்க வேண்டும்.